வேலை இல்லாத போன்

எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் மூன்று மேசை. ஜன்னல் ஓரம் அக்கவுண்ட்ஸ், நடுவில் பர்ச்சேஸும் டெஸ்பாட்சும், கை கழுவும் தொட்டிப் பக்கம் யார் வேண்டுமானாலும். நான் டப்பாவோடு உள்ளே நுழைந்தால் ஜன்னல் மேசையில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அப்புறம் யாராவது ஒருத்தர், "இன்னிக்கு என்ன மேடம், கீரையா?" என்பார். "ஆமா, முருங்கைக்கீரை." உடனே எல்லாரும் கீரையைப் பற்றிப் பேசுவார்கள். ஆய்வதற்குள் உயிர் போகிறது என்பார் ஒருத்தர், பருப்பு போட்டால்தான் ருசி என்பார் இன்னொருத்தர். நான் எழுந்து கை கழுவப் போனதும், முதலில் எதைப் பேசிக்கொண்டிருந்தார்களோ அதற்குத் திரும்புவார்கள். முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது.

ஆறு வருஷம் இப்படிக் கீரை பேசியிருக்கிறேன்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் எம்.டி.க்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட். வீடு கடலூர் ஆல்பேட்டையில், வேலை பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். (மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலைப் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு ஊர்.) மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்ட் லோயரும் முடித்துவிட்டு ஸ்டெனோவாக வேலையில் நுழைந்தவள். ஸ்டெனோவாக இருந்தவரை எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நாலு பேரோடு ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மூக்கிலேயே தெரியும். எம்.டி. அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்புக்குள் மேசை போட்டுக் கொடுத்த நாளிலிருந்துதான் ஆரம்பித்தது.

செக்ரட்டரி என்ற சொல்லும் சீக்ரெட் என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. பேரிலேயே சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை. காலண்டர், டிக்கெட், வருகிறவர் போகிறவர், கையெழுத்துக்குப் போகும் ஃபைல், இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் போர்டு மீட்டிங். கம்பெனி சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது நாலு நடக்க வேண்டும். இரண்டுக்கு நடுவில் 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஏழு நாள் முன்னாடியே டைரக்டர்களுக்கு நோட்டீஸ் போயாக வேண்டும். சட்ட வேலையெல்லாம் கம்பெனி செக்ரட்டரி பார்ப்பார், அவர் வேறு நான் வேறு. ஆனால் ஃபோல்டர் அடுக்குவது, யாருக்கு எந்த ஹோட்டலில் ரூம், யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பதெல்லாம் என் தலையில்.

அந்த ஃபோல்டருக்குள் எந்த டிபார்ட்மெண்டைச் சுருக்கப் போகிறார்கள், யாரை எங்கே மாற்றப் போகிறார்கள் என்பது இருக்கும். குறைந்தது ஒரு வாரம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். காகிதத்தில் பேர் இருக்கும் ஆள் வாட்டர் கேன் பக்கத்தில் நின்று, "பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ மேடம், அடுத்து இன்ஜினீயரிங் சேர்க்கணும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடிப்பேன்.

ஸ்டாஃபுக்கு நான் மேனேஜ்மெண்ட் ஆள். மேனேஜ்மெண்ட்டுக்கு நான் ஸ்டாஃப். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இடி விழுந்தாலாவது சத்தம் இருக்கும்.

தனிமையைப் போக்கிக்கொள்ள நான் முதலில் செய்தது தப்பான காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கவுண்ட்ஸில் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள். சில நாள் என் தடுப்புக்குள் வந்து நின்று பேசிவிட்டுப் போவாள். ஒரு நாள், வண்டி வாங்க லோன் போடப் போவதாகச் சொன்னாள். அந்த வாரம்தான் அவளுடைய டிபார்ட்மெண்டில் பாதியைச் சென்னைக்கு மாற்றும் காகிதத்தை நான் டைப் அடித்திருந்தேன். "ரெண்டு மாசம் பொறுத்துப் போடேன்" என்றேன். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எம்.டி. அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவள் பொறு என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் மூன்று மேசைக்கும் செய்தி போய்விட்டது. சாயங்காலம் எம்.டி. கூப்பிட்டார். கத்தவில்லை. "உங்ககிட்ட இருந்து போச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, போங்க" என்றார். அதன் பிறகு ஒரு மாதம் சில ஃபைல்கள் என் மேசைக்கு வராமல் நேரே உள்ளே போயின. அந்தப் பெண்ணும் வருவதை நிறுத்திவிட்டாள். முழுதாகச் சொல்லாமல் பாதி சொல்லித் தன்னை அலைக்கழித்தேன் என்ற கோபம். அவள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு வேறு வேலை கிடைத்துப் போனாள். போவதற்கு முன் கல்யாணப் பத்திரிகை வைத்தாள். எல்லார் மேசைக்கும் போனவள் என் மேசைக்கு வந்து ஒரே ஒரு கவரை நீட்டினாள். மேலே எம்.டி. பேர் எழுதியிருந்தது. "சார்கிட்ட குடுத்துடுங்க மேடம்."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் யாரோடும் ஒட்டவில்லை. சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொள்வேன். பிறந்தநாள் லிஸ்ட் வைத்திருப்பவள், கேக் ஆர்டர் கொடுப்பவள், வாட்ஸ்அப் குரூப்பில் பூங்கொத்துப் படம் போடுபவள் எல்லாம் நான்தான். என் பிறந்தநாளுக்குக் கேக் வராது, ஆர்டர் கொடுக்க வேண்டியவள் நானாயிற்றே. கேக்கும் குரூப்பும் வருஷத்துக்கு ஒரு தடவை ரிசார்ட்டுக்குப் போய்க் கயிறு இழுப்பதும் தனிமையைப் போக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அறுபது பேருக்கு அதைச் செய்து பார்த்தவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நெஞ்சுக்குள் ஒரு கனம். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. ஒரு நாள் அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டு 14416க்குப் போன் செய்தேன். டெலிமானஸ் என்று பேர். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். எதிர்ப்பக்கம் பேசிய பெண் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆபீஸ் ரகசியத்தை மறைத்து மறைத்து, என் சொந்த விஷயத்தையும் ரகசியக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

இது இப்படியே போய்க்கொண்டிருந்தபோது புயல் வந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டி பக்கத்தில் கரை ஏறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், காற்றுக்குப் பயப்பட மாட்டோம். இது தண்ணீர். அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்டது தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் ஏறியது. எங்கள் வீட்டு வாசலில் மூன்றாவது படிவரை தண்ணீர். கரண்ட் இல்லை. எதிர் வீட்டுக் காரில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை போனில் கால் லாகைத் திறந்து எண்ணினேன். அந்த நாலு நாளில் ஆபீஸ் விஷயமாக எனக்கு வந்த அழைப்பு 31. ஆடிட்டர் மீட்டிங்கைத் தள்ளிப் போடு, சென்னை ஏர்போர்ட்டுக்கு எந்த வழியாகப் போவது, ஜெனரேட்டர்காரன் நம்பர் அனுப்பு. உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று அதில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு ஆள், அதுவும் எங்கள் கம்பெனி இல்லை. சேதராப்பட்டில் இன்னொரு நிறுவனத்தில் என்னைப் போலவே எம்.டி.க்கு அசிஸ்டென்டாக இருப்பவர். மூன்று வருஷமாக இரண்டு பேரும் போனில் மீட்டிங் நேரம் மட்டும் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. "உங்க வீடு ஆத்தோரம்னு ஒரு தடவை சொன்னீங்களே மேடம், அதான் போன் பண்ணேன்" என்றார். நான் எப்போது சொன்னேன் என்பதே எனக்கு நினைவில்லை.

எனக்கு நல்ல கோபம். கூப்பிட்ட அத்தனை பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே லாகை மேலே தள்ளினேன். நான் செய்த அழைப்புகள் வந்தன. டிசம்பர் 1, காலை 7.10, எம்.டி. வண்டி டிரைவர். பேசியது 40 நொடி. நான் கேட்டது நினைவிருக்கிறது. "அண்ணா, வண்டி மேட்டுல நிக்குதா?" "நிக்குது மேடம்." "சரி, வெச்சிடுறேன்."

மறுநாள் ஆபீஸ் போனபோது கேட்டில் செக்யூரிட்டி சொன்னார். டிரைவர் அண்ணன் ரெயின்போ நகரை ஒட்டி வாடகைக்கு இருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி வண்டியை மேடான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் போன் வந்திருக்கிறது.

அவரிடம் போய், "ஏன் அண்ணா என்கிட்ட சொல்லல?" என்றேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. "நீங்க வண்டிய பத்தி தானே மேடம் கேட்டீங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. என் பேர் போன் திரையில் வந்தாலே எல்லாருக்கும் அது வேலை. எம்.டி. கூப்பிடுகிறார், அல்லது எதையோ கேட்கிறார். நான் போனாலே எழுந்து நிற்கும் ஆளிடம், என்னோடு உட்கார்ந்து பேசு என்றால் எப்படிப் பேசுவார்?

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு ஆளிடம், வேலை எதுவும் இல்லாமல், போனிலோ நேரிலோ இரண்டு நிமிஷம். சொல்லும்போது சின்ன விஷயம்தான். முதல் வாரம் டெஸ்பாட்சில் ஒரு அண்ணனிடம் போய் நின்றேன். பதறி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சார் கூப்பிடுறாரா மேடம்?" என்றார். "இல்லண்ணா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு லீவு போட்டிருந்தீங்களே, கட்டு பிரிச்சாச்சா?" "பிரிச்சாச்சு மேடம்." எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். மூன்றாவது தடவை போனபோதுதான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அது பெரிய விருது.

இதில் ஒரு கட்டுப்பாடு முக்கியம். பேசி முடிக்கும்போது, "அப்படியே அந்த ரிப்போர்ட்டையும் அனுப்பிடுங்க" என்று ஒட்டவே கூடாது. ஒட்டினால், முன்னால் விசாரித்தது முழுவதும் ரிப்போர்ட்டுக்குப் போட்ட தூண்டில் ஆகிவிடும். ரிப்போர்ட் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்து வேறு போன் போடுங்கள்.

சாப்பாட்டு மேசை விஷயத்தில் நேரடியாகவே பேசிவிட்டேன். ஒரு திங்கட்கிழமை டப்பாவோடு ஜன்னல் மேசைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். "நீங்க இங்க பேசுறது எதுவும் உள்ள போகாது. உள்ள நடக்குறது எதையும் என்கிட்ட கேக்காதீங்க. இது ரெண்டும் சரின்னா உக்காரேன்." கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கேஷியர் ஐயா, "அப்ப உங்களால எங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். உட்கார்ந்தேன்.

முதல் பாதியை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது கஷ்டம் இல்லை. இரண்டாவது பாதியில்தான் ஒரு பாடம் கற்றேன். யாராவது பழக்கதோஷத்தில் போனஸ் எப்போது என்று கேட்டால், முன்பெல்லாம் "எனக்குத் தெரியாதே" என்பேன். பத்து நாளில் சர்க்குலர் வரும், கீழே டைப் செய்தவர் இனிஷியல் என்னுடையதாக இருக்கும். நான் பொய் சொன்னது ஊருக்கே தெரியும். இப்போது "தெரியும், சொல்ல முடியாது" என்கிறேன். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் மறைத்துப் பிடிபட எதுவும் இல்லை. பெரிய இடத்துக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் தீக்காய்வது போல இருக்க வேண்டும், ரொம்ப நெருங்கவும் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது என்பார்கள். அது முதலாளிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் மேசைகளுக்கும் அதே தூரம்தான் சரிப்பட்டது.

எம்.டி.யிடமும் பேசினேன். தனிமையாக இருக்கிறது என்று போய் நிற்க எனக்கு வெட்கம், அதனால் மூன்று கேள்வியாகக் கேட்டேன். ஒரு மணியிலிருந்து ஒன்றரைவரை என்னைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? திங்கட்கிழமை காலையில் பதினைந்து நிமிஷம் அந்த வார வேலையைச் சேர்ந்து பார்க்கலாமா? வெளியே சொல்லக் கூடாத காகிதம் ஒவ்வொன்றிலும், எந்தத் தேதிக்கு மேல் சொல்லலாம் என்று குறித்துத் தருவீர்களா? மூன்றாவதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அதுதான் முக்கியம். முடிவு தேதி இல்லாத ரகசியம்தான் ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பும். 14ஆம் தேதி இறக்கி வைத்துவிடலாம் என்று தெரிந்தால் அதுவரை சுமக்க முடிகிறது. மூன்றுக்கும் சரி என்றவர், "நானும் தனியாத்தான் சாப்பிடுறேன்" என்றார். அவருக்கு அது பழக்கம். சம்பளமும் வேறு.

உண்மையான ஆறுதல் ஆபீஸுக்கு வெளியேதான் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேதராப்பட்டு மேடமை ஒரு சனிக்கிழமை நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் சந்தித்தேன். கணீரென்ற குரலை வைத்து உயரமான, அதிகாரமான ஆள் என்று நினைத்திருந்தேன். வந்தவர் என் தோளுக்குத்தான் இருந்தார், கையில் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சுறா மீன் பை. இப்போது நாங்கள் நாலு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை. கம்பெனி பேரும் தொகையும் ஆள் பேரும் பேசக் கூடாது, மற்றதெல்லாம் பேசலாம். பேச நிறையவே இருக்கிறது. பாரிஸ் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு தாண்டினால் மூன்றரை மணி. அதை மறந்து அங்கிருப்பவரை ஒரு மணி நேரம் காக்க வைத்த கதை ஒருத்தியிடம். மீட்டிங்கில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸில் சண்டையை எப்படி "விவாதிக்கப்பட்டது" என்ற ஒரே வார்த்தையில் அடக்குவது என்பது இன்னொருத்தியிடம். இந்தக் கதைகளுக்கு வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். இவர்கள் சிரிக்கிறார்கள்.

அப்புறம் பஸ். காலையில் கடலூரிலிருந்து பாண்டி வண்டியில் ஐம்பது நிமிஷம். கன்னியக்கோயிலில் ஏறும் ஒரு அக்கா ஜிப்மரில் வேலை பார்க்கிறார். பல வருஷமாக ஒரே பஸ், ஆனால் நான் காதில் ஹெட்போன் மாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெள்ளத்துக்குப் பிறகுதான் அதைக் கழற்றினேன். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் பழக வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல் ஆகும் என்கிறார். ஆபீஸில் சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேராதாம். எங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கன்னியக்கோயிலிலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு முப்பது நிமிஷம், மாதம் 24 நாள் என்றால் 12 மணி. நெருங்கிய நண்பராக ஒன்றரை வருஷம் ஆகும். அந்த அக்காவிடம் சொன்னேன். "அவ்ளோ நாள்லாம் தாங்காது, நாளைக்கே வீட்டுக்கு வா" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். போர்டு மீட்டிங் வாரத்தில் இன்னும் மேசையிலேயேதான் சாப்பிடுகிறேன். அந்த வாரம் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். பத்திரிகை கொடுத்துவிட்டுப் போன பெண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்ய எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஒன்பதரை இருக்கும், டிரைவர் அண்ணன் நம்பரிலிருந்து போன். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் எங்கோ வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். எடுத்ததுமே, "சொல்லுங்கண்ணா, எங்க நிக்குது?" என்றேன்.

"வண்டி ஷெட்டுல இருக்கு மேடம். கடலூர்ல மழைன்னு டிவில போட்டான், அதான்."

வாசலுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் படியே காய்ந்துதான் இருந்தது. அதைச் சொன்னேன். பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று கேட்டேன். சின்னவன் இன்னும் தூங்கவில்லை என்றார்.